முப்பத்தோராம் நாளுக்குப் பின்: யாழ்ப்பாணத்தில் பெற்றோர் இழப்பும் மரத்துப்போகும் மனமும்

தாயையோ தந்தையையோ இழந்தவர்களிடம், அவர்கள் பத்து வயதினராயினும் ஐம்பது வயதினராயினும், இரண்டு நிலைகள் அடிக்கடி சேர்ந்தே காணப்படுகின்றன. ஒன்று பதகளிப்பு. நெஞ்சு படபடக்கும், இரவில் தொலைபேசி அடித்தால் கை நடுங்கும், மிஞ்சியிருக்கும் தாய் சந்தைக்குப் போய்த் திரும்பச் சற்றுப் பிந்தினாலும் மனம் கெட்டதையே நினைக்கும். மற்றது உணர்வு மரத்துப்போதல். அழுகை வராது, சாப்பாட்டில் உருசி இராது, இறந்தவரின் படம் யாரோ ஒருவருடைய படம்போலத் தெரியும். முன்னதில் உடல் ஓயாமல் விழித்திருக்கிறது, பின்னதில் மனம் அடைத்துக்கொள்கிறது. ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டும் மாறி மாறி வருவதால், துயரப்படுபவர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். அம்மாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, ஆனால் கேற் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறது என்றால் தனக்கு ஏதோ பிழை என்று எண்ணுவது இயல்பே.

பிழை எதுவும் இல்லை. பிரித்தானிய உளமருத்துவர்களான ஜோன் போல்பியும் கொலின் மரே பார்க்ஸும் 1970இல் துயரின் போக்கை நான்கு கட்டங்களாக விவரித்தபோது, முதற் கட்டமாக வைத்தது இந்த மரத்தலைத்தான். சில மணி நேரம் முதல் ஒரு கிழமை வரை அது நீடிக்கலாம் என்றும், இடையிடையே கடும் பதற்றம் வெடிக்கலாம் என்றும் அவர்கள் கண்டனர். தாங்க முடியாத செய்தியை மனம் சிறிது சிறிதாக உள்ளே விடுவதற்கு எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. போல்பியின் விளக்கத்தில், பதகளிப்பு என்பது தாயைக் காணாத குழந்தை எழுப்பும் கூக்குரலின் தொடர்ச்சி. ஆபத்தில் ஓடிப்போய் ஒதுங்கும் இடமாகப் பெற்றோர் இருந்த காலத்தின் பழக்கம், பிள்ளை வளர்ந்து தலை நரைத்த பின்பும் உடலில் கிடக்கிறது. அந்த இடம் வெறுமையானதும் உடல் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்கிறது. துயரின் ‘ஐந்து படிகள்’ என்று பலரும் சொல்லும் பட்டியலை இங்கே மறந்துவிடுவது நல்லது. எலிசபெத் கூப்ளர் ரோஸ் 1969இல் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளரைப் பற்றி. உயிரோடு எஞ்சியவர்களைப் பற்றியல்ல. படி தவறாமல் ஏறி முடிக்கும் ஒழுங்கு துயருக்குக் கிடையாது.

யாழ்ப்பாணத்தில் இந்த நிலைகள் மனக்குறையாக வைத்தியரிடம் வருவது அரிது. உடல்நோயாகவே வரும். ‘நெஞ்சு அடைக்குது’, ‘தலைக்குள்ள விறைக்குது’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘ஒரே யோசினை, நித்திரை இல்லை’ என்பனதான் வெளிநோயாளர் பிரிவில் கேட்கும் சொற்கள். இருதயத் துடிப்புப் பதிவும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். நோயாளி அடுத்த மாதம் திரும்பவும் வருவார். வீட்டில் எப்போது, யார் இறந்தார் என்று யாராவது கேட்கும்வரை இது தொடரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர் இங்குள்ள மனங்களில் ஏற்படுத்திய வடுக்களைப் பற்றிய தன் ஆங்கில நூலை 1998இல் வெளியிட்டார். துன்பம் இங்கே உடல் வழியாகவே பெரும்பாலும் பேசுகிறது என்பது அவரும் அவருடைய சகாக்களும் மீண்டும் மீண்டும் பதிந்த செய்தி. உளமருத்துவர் சா. சிவயோகனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்’ என்ற கைந்நூல் கிராம மட்டத் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கப் பயன்பட்டது. மனநோய்ப் பிரிவுக்குப் போனால் ஊர் ‘விசர்’ என்று சொல்லிவிடும் என்ற பயம் பலமாக இருந்த சமூகத்தில், உதவி வீட்டு வாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகவேண்டியிருந்தது.

அந்த உதவி வருவதற்கு வெகு காலம் முன்பே மரத்துப்போன மனத்தைக் கையாளும் ஏற்பாடு ஒன்று குடாநாட்டில் இருந்தது. அதைச் சடங்கு என்று சொல்லிக் கடந்துவிடுவதால் அதன் வேலை கண்ணில் படுவதில்லை. சைவ வீடொன்றின் செத்தவீட்டை எடுத்துக்கொள்ளலாம். அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர் சமைத்துக் கொண்டுவருவார்கள். உடல் வீட்டிலேயே கிடத்தப்பட்டிருக்கும். பறை முழங்கும். வருகிற ஒவ்வொரு பெண்ணும் வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுவாள். கல்லாய் உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்த்து, ‘இவள் அழேல்லை, அழப்பண்ணுங்கோ’ என்று ஒரு மாமியோ பெரியம்மாவோ சொல்வது இன்றும் கேட்கக்கூடியது. உரலில் சுண்ணம் இடிக்க, ஓதுபவர் திருப்பொற்சுண்ணம் படிப்பார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பார்கள். வாய்க்கரிசி போடுகையில் இறந்தவரின் முகத்தை மிக அருகில் பார்த்தே ஆகவேண்டும். தந்தைக்கு மூத்தமகனும் தாய்க்கு இளையமகனும் கொள்ளி வைப்பது வழக்கம். அதற்குப் பின் காடாத்து: ஆறிய சாம்பலில் எலும்புகளைத் தன் கையாலேயே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். இறந்தவர் இனி வரமாட்டார் என்பதைக் கை அறிந்துகொள்ளும் இந்த நேரத்துக்கு ஈடாக எந்த ஆறுதல் வார்த்தையும் இல்லை.

நாட்களின் கணக்கும் கவனிக்கத்தக்கது. எட்டாம் நாளில் இறந்தவருக்குப் பிடித்த உணவுகளைச் சமைத்துப் படைப்பார்கள். அழுகை திரும்பவும் எழும். துடக்கு முப்பத்தொரு நாள். அதுவரை கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியங்களில் கலப்பதில்லை. துயரப்படுபவரிடம் ஊர் எதையும் எதிர்பார்ப்பதும் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அஸ்தியைக் கீரிமலைக் கடலில் கரைத்துக் கேணியில் முழுகி வீடு திரும்பியதும் வீட்டுக்கிருத்தியம், உறவினருக்குச் சாப்பாடு. இறந்தவரின் குலமும் குணமும் சொல்லும் பாடல்களுடன் அச்சிட்ட ‘கல்வெட்டு’ அன்று கையில் கொடுக்கப்படும். பிறகு மாதந்தோறும் மாசியம், ஆண்டு நிறைவில் ஆட்டைத் திவசம். கத்தோலிக்கரும் 31ஆம் நாளில் நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள். நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்.

அதோடும் முடிவதில்லை. தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தவர் சித்திராப் பௌர்ணமியிலும் ஆயுள் முழுவதும் விரதம் பிடிப்பர். ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கரையில் ஆண்கள் வரிசையாக இருந்து எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தகப்பன், பாட்டன் பெயர்களைச் சொல்வார்கள்; அன்றைய சமையலில் கசக்கும் காத்தோட்டிக்காய் இருக்கும். சித்திராப் பௌர்ணமியில் கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பார்கள். பெற்றோரை இழந்த ஒருவருக்கு ஆண்டில் ஒரு நாள் ஊரோடு சேர்ந்து துக்கப்பட இடம் கிடைக்கிறது. மற்ற நாட்களில் தன் வேலையைப் பார்க்க அனுமதியும் கிடைக்கிறது. இறந்தவரோடு உள்ள உறவை அறுத்தெறிவதே துயரின் முடிவு என்று பிராய்டு 1917இல் எழுதியதன் வழிவந்த கருத்து மேற்கில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. உறவு தொடர்வதே இயல்பு என்று ஆய்வாளர் டெனிஸ் கிளாசும் சகாக்களும் 1996இல் ஒரு நூலாக வாதிட வேண்டியிருந்தது. ஆடி அமாவாசை பிடிக்கும் சமூகத்துக்கு அந்த வாதம் தேவைப்பட்டிராது.

இதைப் பொற்காலமாக்கிப் பேசவும் கூடாது. சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மகள் கொள்ளி வைக்க முடியாமல் மச்சானையோ மருமகனையோ தேட வேண்டும். கணவனை இழந்த தாய் தன் பிள்ளையின் கலியாணத்திலேயே பின்வாங்கி நிற்கிறாள். அந்தியேட்டிச் சாப்பாட்டுச் செலவு பல வீடுகளைக் கடனில் தள்ளியிருக்கிறது. ஒப்பாரியை நாகரிகக் குறைவாக எண்ணும் நடுத்தர வகுப்பு அதைக் கைவிட்டு, அதன் இடத்தில் ஒலிபெருக்கியையும் அஞ்சலி உரையையும் வைத்தது. பேசுபவருக்கு அதில் ஆறுதல் உண்டு. மகளுக்கு எவ்வளவு உண்டு என்பது கேள்விதான்.

போர் குலைத்தது இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தை. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் கீரிமலை உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய், நெடுங்காலம் மக்களுக்கு எட்டாமல் கிடந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது, பறையும் இல்லை, பந்தமும் இல்லை. வழியில் இறந்த முதியவருக்கு உறவினரால் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம். எறிகணைக்கும் குண்டுவீச்சுக்கும் பலியானவர்களின் முகம் பல வேளை பார்க்கக்கூடியதாக இருக்கவில்லை. யார் கொன்றது என்று வாய் திறக்க முடியாத சாவுகளும் இருந்தன. சொந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே வந்த துவக்குக்கு இரையானவரின் பிள்ளை அழுதாலே ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். இவ்வாறு ஊர் ஏற்காத துயரத்துக்கு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் தனி இலக்கணம் வகுத்தார். யாழ்ப்பாணத்தில் அது ஒரு தலைமுறையின் அன்றாடம். 2007இல் சோமசுந்தரம் வடபகுதியின் ‘கூட்டு மனவடு’ பற்றி எழுதிய ஆய்வில் மௌனம், அவநம்பிக்கை, செயலற்றிருத்தல் ஆகியவற்றைச் சமூகத்தின் நோய்க்குறிகளாகவே எண்ணினார். ஒரு ஆளின் மனம் மரத்துப்போவதைப் போல ஊரும் மரத்துப்போகலாம் என்பதே அதன் பொருள்.

எல்லாவற்றிலும் கொடியது உடலே கிடைக்காத இழப்பு. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் கவனித்து, முடிவு தெரியாத இழப்பு துயரை உறையவைத்துவிடுகிறது என்று காட்டினார். 1996இல் மட்டும் குடாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். அப்படிப் போன தகப்பனுக்குத் திவசம் செய்தால் அவரைச் சாகக் கொடுத்தது தாங்களே என்றாகிவிடும். செய்யாவிட்டால் அவர் எங்கோ பசியோடிருக்கும் ஆவியாகிவிடுவார். தாய் பொட்டை அழிப்பதா, மகன் ஆடி அமாவாசை பிடிப்பதா என்ற கேள்விகளுக்கு ஐயரிடமும் பதில் இல்லை. 2016இல் வந்த சட்டத்திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ பெற வழிசெய்தது. அது வங்கிக் கணக்கையும் காணி உறுதியையும் தீர்க்கும், நித்திரையைத் தீர்க்காது. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் நடந்த அகழ்வில் சிறுவர்களுடையவை உட்பட 200க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி நீதிமன்ற ஏற்பாட்டில், குழிகளில் கிடைத்த உடைகளும் பொருட்களும் மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. முப்பது ஆண்டுக்கு முன் தகப்பன் போட்டிருந்த சேட்டின் நிறத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த வரிசையில் நடந்தார்கள். மரத்தலைக்கும் பதகளிப்புக்கும் காலம் மருந்து என்பது இவர்களிடம் செல்லாது.

போர் முடிந்த உடனே, 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நடத்தி 2011இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான கணிப்பீடு, வளர்ந்தோரில் 32.6 வீதமானோருக்குப் பதகளிப்பின் அறிகுறிகளும் 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் 7 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும் இருந்ததாகக் காட்டியது. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் பதகளிப்பு 48.5 வீதம். ‘மனவடு’ என்றால் உடனே யுத்தக் காட்சிகளையே நினைக்கிறோம்; எண்ணிக்கையில் முன்னிற்பதோ பதகளிப்பு. அதற்கு முன் வந்த சுனாமிக்கு மூன்று கிழமைக்குப் பின் வடமராட்சியின் மணற்காடு, தெற்கே கொஸ்கொட, காலி ஆகிய மூன்று இடங்களில் 264 பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வில், மனவடு அறிகுறி 14 முதல் 39 வீதம் வரை இருந்தது. அதைத் தீர்மானித்தவற்றுள் கண்ட கோரத்தின் அளவோடு குடும்பத்தில் ஏற்பட்ட இழப்பும் முக்கியமானது.

பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிள்ளையின் துயர் துண்டு துண்டாக வரும். செத்தவீட்டு முற்றத்தில் விளையாடுகிறது, ‘அதுக்கு என்ன விளங்கும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்துப் படுக்கையில் சலம் போகத் தொடங்கும்போது இரண்டையும் ஒருவரும் தொடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொய் ஒன்று உண்டு: ‘அப்பா வெளிநாடு போட்டார்.’ பல வீடுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் அது எளிதில் நம்பப்படுகிறது. அதனாலேயே அது கொடியது. வெளிநாடு போன மாமா தொலைபேசி எடுக்கிறார், பார்சல் அனுப்புகிறார். அப்பா மட்டும் எடுப்பதில்லை என்றால் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? தன்மேல் கோபம் என்றுதான். செத்துப்போனார், திரும்பி வரமாட்டார், அதற்கு நீ காரணமில்லை, இனி உன்னைப் பார்ப்பது இன்னார் என்ற நான்கு செய்திகளும் பிள்ளைக்கு விளங்கும் வார்த்தையில் கிடைத்தாக வேண்டும். பொஸ்ரன் பகுதியில் ஆய்வாளர்களான வில்லியம் வேர்டனும் பிலிஸ் சில்வர்மனும் பெற்றோரில் ஒருவரை இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளை எப்படித் தேறும் என்பதை மிகப் பலமாகத் தீர்மானித்தது எஞ்சியிருந்த தாயோ தகப்பனோ எப்படி இயங்கினார் என்பது. ஆகவே, பிள்ளைக்கு உதவ நினைக்கும் பெரியம்மா முதலில் தாயின் சோற்றையும் நித்திரையையும் பார்ப்பது சரியான வைத்தியம்.

சிகிச்சை என்று வரும்போது வடக்கில் கிடைத்த அனுபவம் எவருக்கும் பயன்படக்கூடியது. பதகளிப்புக்குச் சோமசுந்தரமும் சகாக்களும் முன்வைத்தவை ஊரில் ஏற்கெனவே இருந்த பயிற்சிகள்: ஆறுதலான மூச்சு, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துதல், சாந்தி ஆசனம், அவரவர் சமயத்துக்குரிய சொல்லை உருவேற்றுதல். மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தைவிட வெளிவிடும் நேரத்தை நீட்டினால் இதயத் துடிப்பு தணிகிறது. இதற்குத் தத்துவம் தேவையில்லை, பாயும் பத்து நிமிடமும் போதும். ஆனால் மரத்துப்போனவருக்கு இது மட்டும் போதாது. அவருக்குக் கதை சொல்ல ஆள் வேண்டும். சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளை இரு குழுவாக்கி நடத்திய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஒரு குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், மற்றதற்குக் கதைசொல் சிகிச்சையும் ஆறு அமர்வுகளில் கொடுத்தனர். கதைசொல் முறையில் தரையில் ஒரு கயிற்றை நீட்டிவைப்பார்கள்; அது பிள்ளையின் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். அம்மா இறந்த நாளின் கல்லைக் கையில் எடுத்து, அன்று காலை என்ன சாப்பிட்டது, யார் வந்து சொன்னது, அப்போது உடம்பில் என்ன செய்தது என்று ஒவ்வொன்றாகப் பிள்ளை சொல்லும்; கயிற்றின் மிச்சப் பகுதி இன்னும் சுருண்டு கிடக்கும், வரப்போகும் காலத்துக்காக. ஆறு மாதம் கழித்துக் கதைசொல் குழுவில் 81 வீதமும் தியானக் குழுவில் 71 வீதமும் நோய்க்குறி வரம்பைவிட்டு மீண்டிருந்தனர். இரண்டும் பயன் தந்தன என்பதே இதில் பெரிய செய்தி.

வளர்ந்தவர்களுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999இல் விளக்கியபடி, தேறுபவர் துயரத்துக்குள்ளும் அன்றாட வேலைக்குள்ளும் மாறி மாறிப் போய் வருகிறார். ஒன்றிலேயே தங்கிவிடுபவர்தான் சிக்கிக்கொள்கிறார். அலமாரியைத் திறந்து அப்பாவின் சாரத்தை மடித்து வைக்க ஒரு பின்னேரம், தோட்டத்துக்குத் தண்ணி கட்ட அடுத்த நாள் காலை. அழுகை வரவில்லை என்பதற்காக யாரையும் பிடித்து உலுக்குவதில் பயனில்லை. பக்கத்தில் இருப்பதும், இறந்தவரின் பெயரைத் தவிர்க்காமல் பேசுவதும் போதும். சாராயம் மரத்தலை நீட்டுகிறது. நித்திரைக் குளிசையிலும் கவனம் தேவை: இழப்பின் துயருக்காக மட்டும் டயசிபாம் வகை மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. புலம்பெயர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருந்து தாயின் செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்து, அடுத்த நாள் வேலைக்குப் போகிறவருக்கு எல்லாம் படம் பார்த்ததுபோல் இருக்கும். முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. அவர் அங்கே முப்பத்தொன்றை ஆட்களைக் கூப்பிட்டுச் செய்வதும், பின்னொரு நாள் ஊருக்கு வந்து கீரிமலையில் முழுகுவதும் வெறும் ஆசாரமாகத் தோன்றலாம். கை செய்யத் தவறியதைக் கை செய்து முடிக்கும் வேலை அது.

பெரும்பாலானோர் மருத்துவ உதவியின்றியே தேறிவிடுகிறார்கள். பத்தில் ஒருவர் அளவில் துயர் இறுகி நோயாகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு, ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் ஓயாமல், அவரவர் சமூக வழக்கத்தின் எல்லையையும் கடந்து, அன்றாட வாழ்வை முடக்கினால் அதை ‘நீடித்த துயர்’ என்கிறது; உணர்வு மரத்தல் அதன் குறிகளுள் ஒன்று. அமெரிக்க வகைப்பாடு வளர்ந்தோருக்கு ஓராண்டு பொறுக்கிறது. இந்நிலைக்கென அமைந்த சிகிச்சையை உளமருத்துவர் கதரின் ஷியர் பரிசோதித்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, மனச்சோர்வு மாத்திரை அச்சிகிச்சையுடன் சேரும்போது மனச்சோர்வைக் குறைக்க உதவுகிறதே தவிர, துயரைத் தனியே தீர்ப்பதில்லை. சாவேன் என்ற பேச்சு, நாட்கணக்கில் சாப்பிடாமை, பிள்ளையைக் கவனிக்க முடியாமை ஆகியவை தோன்றினால் ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. சாந்திகம் என்ற அமைப்பு 1987 முதல் உளவளத்துணை வழங்கி வருகிறது. 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம்.